ஒரு வீட்டுக்கு ஐம்பது பென்ஸ்

லண்டன் வாடகை கட்டுப்படியாகாமல் வடக்கே ஒரு சின்ன ஊரில் வீடு வாங்கிப் போன தம்பி ஒருவர், போன மாதம் ஒரு ஞாயிறு பின்னேரம் என்னிடம் வந்தார். கையில் பன்னிரண்டு பக்க விண்ணப்பப் படிவம். அவருடைய ஊரில் இப்போது முப்பது நாற்பது தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. பெடியள் சேர்ந்து ஒரு விளையாட்டுக் கழகம் தொடங்கியிருக்கிறார்கள். சனிக்கிழமை காலையில் ஒரு தமிழ் வகுப்பு நடக்கிறது. வருடத்தில் ஒருமுறை கலைவிழா. எல்லாவற்றுக்கும் காசு இதுவரை அவரவர் சட்டைப்பையிலிருந்துதான்.

“அண்ணை, கவுன்சில் காசு குடுக்குதாம். ஐயாயிரம் எண்டு போடட்டோ, பத்தாயிரம் எண்டு போடட்டோ?”

“எந்தக் கவுன்சில்?” என்று கேட்டேன்.

முழித்தார். தேத்தண்ணியை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, படிவத்தைக் கவிழ்த்து வைத்தேன். அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் நாங்கள் பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே படிவத்தை வைத்துக்கொண்டு முழிக்கிறவர்கள் இன்னும் பலர் இருப்பார்கள்.

இங்கிலாந்தில் கவுன்சில் என்பது ஒன்றல்ல. பல இடங்களில் மேலே கவுண்டி கவுன்சில் இருக்கிறது. பெருந்தெருக்கள், பள்ளிக்கூடங்கள், முதியோர் பராமரிப்பு அதன் கையில். அதற்குக் கீழே டிஸ்ட்ரிக்ட் கவுன்சில், குப்பை அள்ளுவதும் கட்டட அனுமதி கொடுப்பதும் அதன் வேலை. சில இடங்களில் இந்த இரண்டையும் ஒன்றாக்கி ஒரே சபையாக வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் அடியில் பரிஷ் கவுன்சில், கொஞ்சம் பெரிய ஊரென்றால் டவுன் கவுன்சில். சிறுவர் பூங்கா, ஊர் மண்டபம், மயானம், வாங்கு, தோட்டத் துண்டுகள் போன்ற சின்ன விஷயங்கள் இதற்கு. இப்படிப்பட்ட அடிநிலைச் சபைகள் இங்கிலாந்து முழுவதும் சுமார் பத்தாயிரம் இருக்கின்றன. 1894-ஆம் ஆண்டுச் சட்டம்தான் தேவாலயத்தின் கையிலிருந்த ஊர் நிர்வாகத்தைப் பிரித்தெடுத்து இவற்றை உண்டாக்கியது. பெயரில் மட்டும் ‘பரிஷ்’ ஒட்டிக்கொண்டிருக்கிறது, கோயில் சம்பந்தம் ஒன்றும் இல்லை.

லண்டனில் இருந்துவிட்டுப் போன தம்பிக்கு இது தெரியாததில் வியப்பில்லை. லண்டனில் பரிஷ் அமைக்கப் பல பத்தாண்டுகள் சட்டமே இடம் கொடுக்கவில்லை. 2007-இல் சட்டம் மாறி, 2014-இல் வெஸ்ட்மின்ஸ்டரில் குயின்ஸ் பார்க் என்ற ஒரு பகுதியில் மட்டும் ஒன்று வந்தது. மற்ற லண்டன்காரருக்கு எல்லாமே பரோ கவுன்சில்தான்.

“உன்ர படிவம் எதுக்குரியது, பார்.”

பார்த்தார். டவுன் கவுன்சில்.

நல்லது. அப்படியென்றால் அந்தக் காசு எங்கிருந்து வருகிறது என்று முதலில் தெரிய வேண்டும். பரிஷ், டவுன் சபைகள் நேரடியாக வரி அறவிடுவதில்லை. வருகிற வருடத்துக்கு இவ்வளவு வேண்டும் என்று ஒரு தொகையைத் தீர்மானித்து டிஸ்ட்ரிக்ட் சபையிடம் சொல்கின்றன. அந்தத் தொகைக்குப் பெயர் பிரிசெப்ட். டிஸ்ட்ரிக்ட் அதை வீட்டு வரியோடு சேர்த்து அறவிட்டுக் கொடுக்கிறது. மார்ச் மாதம் வீட்டுக்கு வரும் கவுன்சில் வரி பில்லில் கவுண்டிக்கு இவ்வளவு, பொலிசுக்கு இவ்வளவு என்று வரிசையாகப் போட்டு, கடைசிப் பக்கமாக ஒரு சின்னத் தொகை இருக்கும். அதுதான் இது. ஒரு சின்ன ஊர்ச் சபையின் வருமானத்தில் பெரும்பங்கு இந்த ஒரு வரிதான்.

இப்போது கணக்குப் பார்ப்போம். ஊரில் 3,000 வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். உன் கழகத்துக்கு 1,500 பவுண் கொடுத்தால், சராசரியாக ஒரு வீட்டுக்கு ஐம்பது பென்ஸ். உன் தெருக்கோடியில் ஒரு வயதான அம்மா தனியாக இருக்கிறார் அல்லவா? பந்தும் தெரியாது, தமிழும் தெரியாது, பேரப்பிள்ளைகள் அவுஸ்திரேலியாவில். அவரிடமிருந்தும் ஐம்பது பென்ஸ். அந்த அம்மா “ஏன்?” என்று கேட்டால் சபை என்ன பதில் சொல்லும்? அந்தப் பதிலைச் சபைக்கு எழுதிக் கொடுப்பதுதான் விண்ணப்பம். பன்னிரண்டு பக்கமும் அதற்குத்தான்.

“அப்ப ஐயாயிரமோ பத்தாயிரமோ எண்டது…”

“அது கடைசிக் கேள்வி.”

தம்பி அடுத்ததாகக் கேட்டது, நான் எதிர்பார்த்தது. “அங்க சேர்மனை எனக்குத் தெரியும் அண்ணை. நல்ல மனிசன். ஆளைப் பிடிச்சுக் கதைச்சா என்ன?”

ஊரில், இலங்கையில், எங்களுக்குப் பழக்கம் அப்படி. பன்முகப்படுத்தப்பட்ட நிதியில் கழகங்களுக்குப் பந்தும் வலையும் கதிரையும் கொடுப்பது பாராளுமன்ற உறுப்பினர். கொடுக்கிற நாளில் மாலை, மேடை, படம் எல்லாம் உண்டு. காசு மக்களுடையது, கை அவருடையது. அந்தக் கையைப் பிடிப்பதே வழி என்று எங்கள் தலைமுறை பழகிவிட்டது. இங்கே அப்படி ஒரு கை சட்டத்தில் இல்லை. 1972-ஆம் ஆண்டு உள்ளூராட்சிச் சட்டத்தின் 101-ஆம் பிரிவு, சபை தன் அதிகாரத்தை ஒரு கமிட்டிக்கோ ஓர் அலுவலருக்கோ கொடுக்கலாம் என்கிறது. பரிஷ் அளவில் தனி ஓர் உறுப்பினருக்குக் கொடுக்க இடமில்லை. ஒரே ஆளைக் கொண்ட கமிட்டி என்று சுற்றிவளைக்கவும் முடியாது. 1986-இல் ஹில்லிங்டன் வழக்கில் அந்தக் கதவையும் நீதிமன்றம் மூடிவிட்டது. ஆகவே சேர்மன் எவ்வளவு நல்ல மனிசனாக இருந்தாலும், “சரி தம்பி, தாறன்” என்று சொன்னால் அந்தச் சொல்லுக்குச் சட்டப் பெறுமதி இல்லை. வாக்கெடுப்பில் அவருக்கு மற்றவர்களைப் போல ஒரு வாக்கு, சமமாக வந்தால் இன்னொன்று. அவ்வளவுதான்.

பிடிக்க வேண்டிய ஆள் ஒருவர் இருக்கிறார். கிளார்க். அநேகமான சின்னச் சபைகளில் சம்பளம் வாங்கும் ஒரே அலுவலர், அதுவும் பகுதி நேரம். நிகழ்ச்சி நிரல் எழுதுவது, கணக்கு வைப்பது, இது சட்டப்படி கொடுக்கலாமா என்று சபைக்குச் சொல்வது எல்லாம் அவர். அவரிடம் சலுகை கிடைக்காது. ஆனால், “இந்தப் படிவத்தில் எங்கே பிழை விட்டிருக்கிறோம்?” என்று முன்கூட்டியே கேட்டால் சொல்லுவார். கூச்சத்தில் நாங்கள் கேட்பதில்லை. கடைசி நாள் இரவு பதினொன்றரைக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, கிடைக்காவிட்டால் “வெள்ளையளுக்குத்தான் குடுப்பினம்” என்று சொல்லிக்கொள்கிறோம். அப்படியும் சில இடங்களில் நடந்திருக்கலாம். ஆனால் நான் பார்த்த மறுப்புகளில் பாதிக்கு மேல் எங்கள் படிவத்திலேயே காரணம் இருந்தது.

ஒன்றைச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் நாங்கள் சிலர் சேர்ந்து நடத்திய ஒரு சங்கத்துக்கு விண்ணப்பித்தோம். நான்தான் எழுதினேன். அழகான ஆங்கிலம், பண்பாடு, மரபு, அடுத்த தலைமுறை என்று நாலு பக்கம். ஒரு வாரத்தில் திரும்பி வந்தது. காரணம் ஒரு வரி: வங்கிக் கணக்கு சங்கத்தின் பெயரில் இல்லை. எங்கள் பொருளாளர் மகா நேர்மையானவர். சங்கக் காசைத் தன் சொந்தக் கணக்கில் வைத்து, ஒரு கொப்பியில் சதம் தவறாமல் எழுதி வைத்திருந்தார். அந்தக் கொப்பியை நாங்கள் நம்பினோம். சபை நம்ப முடியாது, நம்பவும் கூடாது. நாளைக்கு அவர் கண்ணை மூடினால் அந்தக் காசு அவருடைய சொந்தச் சொத்தோடு சேர்ந்து முடங்கிப் போகலாம். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இரண்டு வருடத்துக்குப் பிறகுதான் அடங்கியது, அதுவும் சங்கத்தின் பெயரில், இரண்டு கையெழுத்தோடு கணக்குத் திறந்த பிறகு.

தம்பியின் கழகத்துக்குக் கணக்கு உண்டா என்று கேட்டேன். உண்டு, அவருடைய மனைவியும் அவரும் கையெழுத்து. இரண்டு கையெழுத்துத்தான். ஆனால் ஒரே வீட்டுக் கையெழுத்து. பல சபைகள் அதையும் ஏற்பதில்லை. மாற்றச் சொன்னேன்.

இனிச் சட்டத்தின் சுவையான பகுதிக்கு வருகிறேன். பரிஷ் சபை தான் விரும்பியதற்கெல்லாம் காசு கொடுக்க முடியாது. ஒவ்வொரு பவுணுக்கும் பின்னால் ஒரு சட்டப் பிரிவு நிற்க வேண்டும். தம்பியின் ஒரே கழகம் மூன்று வேலை செய்கிறது, மூன்றுக்கும் மூன்று கதவு.

பந்துக்கு 1976-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் 19-ஆம் பிரிவு. பொழுதுபோக்கு, விளையாட்டு வசதிகளைச் சபை தானே அமைக்கலாம், அமைக்கிற தன்னார்வ அமைப்புக்கு மானியமோ கடனோ கொடுக்கலாம் என்கிறது. அந்தப் பிரிவின் பட்டியலை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். குழு விளையாட்டு மைதானம், நீச்சல் குளம், டென்னிஸ் கோர்ட், சைக்கிள் பாதை, குதிரையேற்றப் பள்ளி என்று போய், எஞ்சின் இல்லாமல் பறக்கும் கிளைடர் வசதி வரைக்கும் போட்டிருக்கிறார்கள். ஒரு பரிஷ் சபை கிளைடருக்குக் காசு கொடுத்ததை நான் கண்டதில்லை, ஆனால் கொடுக்கலாம்.

கலைவிழாவுக்கு 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 145-ஆம் பிரிவு: ஆடல், பாடல், நாடகம், கலைகள்.

தமிழ் வகுப்புக்குத்தான் கதவு தேட வேண்டும். கல்வி பரிஷ் சபையின் வேலை இல்லை. அதனால் அது அதே 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 137-ஆம் பிரிவுக்குப் போகிறது. வேறு எந்தப் பிரிவிலும் அடங்காத, ஆனால் ஊருக்கு நன்மை தரும் காரியத்துக்கு என்று வைக்கப்பட்ட பிரிவு அது. எங்கள் வீடுகளில் சாமான்கள் சேரும் அந்த ஒரு இழுப்பறை மாதிரி. ஆனால் இழுப்பறைக்கு அளவு உண்டு. ஊரின் வாக்காளர் ஒருவருக்கு இவ்வளவு என்று அரசு வருடா வருடம் ஓர் உச்சவரம்பு அறிவிக்கும். 2025-26-க்கு அது 11.10 பவுண். 5,000 வாக்காளர் உள்ள ஊரில் 55,500 பவுணுக்கு மேல் அந்தப் பிரிவில் செலவழிக்க முடியாது. பெரும்பாலான சபைகள் அதன் கிட்டவும் போவதில்லை. எல்லாச் சங்கங்களுக்கும் சேர்த்து வருடத்துக்குச் சில ஆயிரம்தான் ஒதுக்கும். (மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர் தேர்தலில் நின்று வந்தவர்களாகவும், கிளார்க் தகுதிச் சான்று பெற்றவராகவும் இருந்தால், 2011-ஆம் ஆண்டுச் சட்டம் தரும் பொது அதிகாரத்தைச் சபை எடுத்துக்கொள்ளலாம். அப்போது இந்த உச்சவரம்புத் தொல்லை இல்லை.)

அந்த 137-இல் இன்னொரு கண்ணி இருக்கிறது. ஊருக்கோ ஊரவர் சிலருக்கோ நேரடி நன்மை இருக்க வேண்டும் என்பதோடு, அந்த நன்மை கொடுக்கிற காசுக்கு ஈடாகவும் இருக்க வேண்டும். இதைச் சொல்லிவிட்டு நான் தம்பியிடம், “வகுப்புக்கு எத்தனை பிள்ளையள்?” என்றேன்.

“நாப்பத்தாறு.”

“டவுன் எல்லைக்குள்ள எத்தனை?”

கைபேசியை எடுத்து ஒவ்வொரு பெயராக எண்ணினார். பதினான்கு. மற்றவர்கள் பக்கத்து ஊர்களிலிருந்து காரில் வருகிறவர்கள். எங்கள் சனம் எல்லைக்கோடு பார்த்துக் குடியேறுவதில்லை, நாற்பது மைல் ஓடிப் போயும் ஒரு நடன வகுப்பில் சேர்ப்போம். ஆனால் வரிக்கு எல்லைக்கோடு உண்டு. நாற்பத்தாறு என்று பெருமையாக எழுதிவிட்டுப் பதினான்கை மறைத்தால், கேட்கிற முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்ள நேரும். பதினான்கு என்று தானே எழுதி, மற்ற முப்பத்திரண்டு பேரின் ஊர்ச் சபைகளிடமும் விண்ணப்பித்திருக்கிறோம் என்று சேர்த்தால், அது பலவீனமே இல்லை. அஞ்சல் குறியீட்டோடு ஒரு பட்டியல், பெயர் இல்லாமல், போதும்.

பிறகு யாப்பைக் காட்டச் சொன்னேன். முதல் பக்கத்தில் ‘தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டும்’. எழுதியவர் கெட்ட நோக்கத்தில் எழுதவில்லை, வேறு யார் வரப்போகிறார்கள் என்ற நினைப்பு. ஆனால் எல்லோர் காசிலும் பங்கு கேட்டுவிட்டு வாசலில் அப்படி ஒரு பலகை தொங்கவிட முடியாது. ‘தமிழ் கற்க விரும்பும் எவரும்’ என்று மாற்றினால் வகுப்பில் ஒன்றும் குறையாது. ஒருவேளை அந்தத் தெருக்கோடி அம்மாவே வந்து சேரலாம், சிரிக்காதீர்கள், தமிழ் மருமகள் உள்ள ஆங்கிலேயத் தாய்மார் சிலர் இப்படி வகுப்புக்கு வந்து ‘அ’ எழுதுவதைக் கண்டிருக்கிறேன். 2010-ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் பொதுச் சபைகளுக்கு ஒரு கடமை விதித்திருக்கிறது: முடிவெடுக்கும்போது வெவ்வேறு சமூகத்தவருக்கிடையே சமவாய்ப்பையும் நல்லுறவையும் வளர்ப்பதை மனதில் கொள்ள வேண்டும். கதவு திறந்த கழகத்துக்கு அந்தக் கடமை துணை நிற்கும். பூட்டிய கழகத்துக்கு அதே கடமை தடையாகும்.

மிச்சப் படிவம் வழக்கமானது, விரைவாகச் சொல்லிவிடுகிறேன். யாப்பு, போன வருடக் கணக்கறிக்கை, பொறுப்புக் காப்புறுதி, பிள்ளைகளோடு வேலை செய்கிறவர்களுக்கு டி.பி.எஸ். என்ற குற்றப் பின்னணிச் சான்று, பிள்ளைகள் பாதுகாப்புக் கொள்கை, வாங்கப் போகிற சாமானுக்கு விலைக் கேள்வி. ஏற்கனவே வாங்கிவிட்டதற்குப் பொதுவாகக் காசு தரமாட்டார்கள். கையிருப்பை மறைக்க வேண்டாம். வங்கியில் எட்டாயிரம் வைத்துக்கொண்டு ஆயிரம் கேட்டால் ஏன் என்று கேட்பார்கள்தான், ஆனால் ஒரு வருட மண்டப வாடகைக்கு என்று காரணம் எழுதினால் அது நல்ல நிர்வாகம். ஒரு சதமும் இல்லாத கழகம்தான் அவர்களை அதிகம் பயமுறுத்தும்.

காலம் முக்கியம். நிதியாண்டு ஏப்ரல் முதலாம் திகதி தொடங்குகிறது. பிரிசெப்ட் தொகையைச் சபை அனேகமாக ஜனவரியில் தீர்மானிக்கிறது. அதற்கான பேச்சு கார்த்திகை, மார்கழியில் நடக்கிறது. மாசியில் போய் “புதுசா ஒரு பெரிய திட்டம்” என்று நின்றால், பானை இறக்கிய பிறகு அரிசி கொண்டு போனது மாதிரி. சின்ன மானியத்துக்குச் சபை வைத்திருக்கும் தவணைத் திகதிகள் வேறு, அவை ஆண்டின் நடுவிலும் வரலாம். ஆனால் பெரிதாக ஏதும் வேண்டுமென்றால் இலையுதிர் காலத்திலேயே கிளார்க்கின் காதில் போட்டு வைக்க வேண்டும்.

“அண்ணை, பெரிசா எண்டா, எங்களுக்கு மைதானம்தான் பிரச்சினை. மழை பெஞ்சா குளம்.”

இரண்டாம் தேத்தண்ணி வைத்தேன். இது வேறு கதை. பந்தும் வலையும் வாங்குகிற மானியம் வேறு, தரையைத் தோண்டுகிற காசு வேறு. வெளிச்சத்தோடு முழு அளவு செயற்கைப் புல் மைதானம் ஒன்று இங்கே ஒரு மில்லியன் பவுண் அளவில் வந்து நிற்கும். வடிகால் மட்டும் என்றாலும் பல ஆயிரம். அதை ஐம்பது பென்ஸ் கணக்கில் அறவிட முடியாது.

அந்தக் காசு பெரும்பாலும் வீடு கட்டுகிற கம்பனிகளிடமிருந்து வருகிறது. 1990-ஆம் ஆண்டு நகர்த் திட்டமிடல் சட்டத்தின் 106-ஆம் பிரிவின்படி, நானூறு வீடு கட்ட அனுமதி வாங்குகிற கம்பனி, அந்த நானூறு வீட்டுப் பிள்ளைகளால் மைதானத்துக்கு வரும் நெருக்கடிக்கு ஈடாக ஒரு தொகை தர ஒப்பந்தம் எழுதும். ஒப்பந்தத்தில் எதற்கு, எங்கே, எத்தனை வருடத்துக்குள் என்று இருக்கும். காலம் தவறினால் காசைக் கம்பனி திருப்பிக் கேட்கலாம். 2010-இல் இதற்குப் பக்கத்தில் இன்னொரு வரி வந்தது, சமூக உள்கட்டமைப்பு வரி. சதுர மீட்டர் கணக்கில் அறவிடுவது, எல்லாச் சபைகளும் வைத்திருப்பதில்லை. வைத்திருக்கிற இடத்தில், தன் எல்லைக்குள் கட்டிய வீடுகளின் வரியில் 15 சதவீதம் பரிஷ் சபைக்குப் போகிறது. ஊரவர் வாக்களித்து நிறைவேற்றிய அயல்புறத் திட்டம் ஒன்று இருந்தால் 25 சதவீதம். ஐந்து வருடத்தில் செலவழிக்காவிட்டால் மேல் சபை திருப்பிக் கேட்கலாம். இந்த இரண்டு காசும் எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவழியாமல் கிடக்கிறது என்று மேல் சபை ஒவ்வொரு வருடமும் டிசம்பர் 31-க்குள் அறிக்கை வெளியிட வேண்டும். என்னைக் கேட்டால், ஒரு விளையாட்டுக் கழகச் செயலாளர் வருடத்தில் ஒரு அறிக்கை மட்டும் வாசிப்பதென்றால் அதைத்தான் வாசிக்க வேண்டும். ‘வெளி விளையாட்டு வசதிக்கு’ என்று ஒதுக்கி, கேட்க ஆளில்லாமல் கிடக்கிற தொகைகள் அதற்குள்தான் இருக்கும்.

அதற்கும் மேல் ஃபுட்பால் ஃபவுண்டேஷன் இருக்கிறது. பிரீமியர் லீக், எஃப்.ஏ., அரசு மூன்றும் சேர்ந்து காசு போட்டு 2000-இல் தொடங்கியது. லொட்டரிக் காசைப் பகிரும் ஸ்போர்ட் இங்கிலாந்து இருக்கிறது. இவர்கள் எல்லோரும் கேட்கும் ஒரு கேள்வி: “உங்கள் உள்ளூர்ச் சபை எவ்வளவு போடுகிறது?” டவுன் கவுன்சிலின் ஆயிரம் பவுணுக்கு அதன் தொகையைவிடப் பெரிய பெறுமதி அங்கேதான். இரண்டாவது கேள்வி இன்னும் கடினமானது: “அந்த நிலம் எத்தனை வருடத்துக்கு உங்களிடம் இருக்கும்?” சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை வாடகைக்கு எடுக்கிற கழகத்துக்கு யாரும் தரை தோண்டக் காசு தரமாட்டார்கள்.

அதனால் குத்தகை. இங்கேதான் எனக்குப் பிடித்த விஷயம் வருகிறது. சபை தன் நிலத்தையோ பழைய உடைமாற்றும் கட்டடத்தையோ ஒரு கழகத்துக்கு நீண்ட குத்தகைக்குக் கொடுக்கும்போது வாடகையாக ஒரு மிளகு என்று எழுதும் வழக்கம் இருக்கிறது. உண்மையாகவே மிளகு. ‘கேட்டால் வருடத்துக்கு ஒரு மிளகு’. பதிலுக்கு ஏதோ ஒன்று கொடுத்தால்தான் ஒப்பந்தம் நிற்கும் என்ற ஆங்கிலச் சட்ட மரபுக்காக. எங்கள் கடற்கரைகளிலிருந்து கப்பல் கப்பலாக வந்த சரக்கு, ஒரு காலத்தில் இந்த நாட்டில் காசுக்குப் பதிலாகவே வாங்கப்பட்டது, இன்று பெறுமதி ஒன்றும் இல்லை என்பதற்கு அடையாளமாக ஆவணங்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எங்கள் ரசத்துக்குத் தெரிந்தால் மனம் நொந்துவிடும்.

இந்த மிளகுக் குத்தகைதான் சபைகள் கொடுக்கும் மிகப் பெரிய மானியம். காசோலை இல்லை, படம் இல்லை, யாரும் மானியம் என்று எண்ணுவதும் இல்லை. வருடம் பத்தாயிரம் வாடகை வரக்கூடிய இடத்தை ஒரு மிளகுக்குக் கொடுத்தால், அது இருபத்தைந்து வருடத்தில் எவ்வளவு என்று பெருக்கிப் பாருங்கள். அதே மாதிரி இன்னொன்று கட்டட வரி விலக்கு. பதிவுசெய்த தர்ம அமைப்புக்கும், 2002-இல் வந்த சமூக விளையாட்டுக் கழகப் பதிவு பெற்றவர்களுக்கும் 80 சதவீதம் கட்டாய விலக்கு உண்டு. மிச்சம் 20-ஐயும் விடுவது டிஸ்ட்ரிக்டின் விருப்பம், விண்ணப்பித்தால் மட்டும். ஆனால் மிளகுக்கு மறுபக்கமும் உண்டு. கூரை ஒழுகினால் இனி உன் கூரை. குழாய் வெடித்தால் உன் குழாய். பராமரிக்க வழியில்லாமல் பழுதடைந்த கட்டடத்தைச் சபை ‘சமூகத்திடம் ஒப்படைக்கிறோம்’ என்று சிரித்துக்கொண்டு நீட்டும்போது, எஞ்சினியர் ஒருவரைக் கூட்டிப் போய்க் கூரையைப் பார்க்காமல் கையெழுத்து வைக்க வேண்டாம் என்று தம்பிக்கு இரண்டு தரம் சொன்னேன்.

சபைகள் ஏன் இப்போது இப்படி நீட்டுகின்றன? சட்டம் கட்டாயம் செய் என்ற வேலை வேறு, செய்யலாம் என்ற வேலை வேறு. முதியோர் பராமரிப்பு முதல் வகை. மானியமும் மைதானமும் இரண்டாம் வகை. காசு இறுகும்போது இரண்டாம் வகைதான் முதலில் வெட்டுப்படும். 2020-இல் குரொய்டன், 2023-இல் பர்மிங்காம் இரண்டும் வரவுக்குள் செலவை அடக்க முடியவில்லை என்று 114-ஆம் பிரிவு அறிவித்தல் கொடுத்தன. அதற்குப் பின் பர்மிங்காம் தன் பெரிய கலை அமைப்புகளுக்குக் கொடுத்து வந்ததை முதலில் பாதியாக்கி, 2025-26-இல் முழுவதாக நிறுத்தியது. அங்கே பல பத்தாண்டுகள் நாடகம் போட்டவர்களுக்கே அந்த நிலை. அதனால் ஒரு கழகம் தன் அன்றாடச் செலவை, பயிற்றுநர் சம்பளத்தை, மண்டப வாடகையை மானியத்தில் தொங்கவிடக் கூடாது. மானியம் ஒருமுறை வாங்கும் பொருளுக்கு. சந்தா தினச் செலவுக்கு.

கோல் கம்பத்துக்கு ஒரு வழியும் சொன்னேன். கழகம் வாங்கினால் 20 சதவீத வாட் வரியும் சேர்த்துக் கட்ட வேண்டும், பெரும்பாலும் திரும்பாது. சபையே தன் காசில், தன் பெயரில் பில் போட்டு வாங்கித் தன் பூங்காவில் நட்டால், அந்த வரியைச் சபை திரும்பப் பெறலாம். கம்பம் சபையின் சொத்தாக இருக்கும், ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் விளையாடலாம். தெருக்கோடி அம்மாவுக்குச் சொல்லும் பதிலும் அதற்குள்ளேயே இருக்கிறது.

“கூட்டத்துக்கு நாங்களும் போகலாமோ?”

போகலாம், போக வேண்டும். மூன்று முழு நாட்களுக்கு முன் நிகழ்ச்சி நிரல் அறிவித்தல் பலகையில் இருக்க வேண்டும். சபைக் கூட்டங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டு வந்தவர் யார் தெரியுமா? அப்போதுதான் பாராளுமன்றத்துக்கு வந்திருந்த மார்கரெட் தட்சர். அவருடைய கன்னிப் பேச்சே அந்த மசோதா பற்றியதுதான். பிற்காலத்தில் அவர் கவுன்சில்களைப் படுத்திய பாட்டை அறிந்தவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். கூட்டத்தில், கழகத்தோடு தொடர்புள்ள உறுப்பினர் அதைச் சொல்லி விலகி இருக்கிறாரா என்றும் பார்க்கலாம். தன் தொழிலோ காசோ நிலமோ சம்பந்தப்பட்ட விஷயத்தில் சொல்லாமல் வாக்களிப்பது 2011-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கணக்கைப் பார்க்க விரும்பினால், ஒவ்வொரு கோடையிலும் முப்பது வேலை நாட்கள், ஜூலையின் முதல் பத்து வேலை நாட்கள் உட்பட, சபையின் கணக்குப் புத்தகங்களைத் திறந்து காட்டச் சட்டம் இருக்கிறது. போன வருடம் யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று பார்த்தாலே, உனக்கு எவ்வளவு கேட்கலாம் என்று தெரிந்துவிடும். ஐயாயிரமா பத்தாயிரமா என்ற கேள்விக்கு விடை அங்கே.

தம்பி கைபேசியில் போன வருடத் தீர்மானக் குறிப்புகளைத் தேடி எடுத்தார். ஆகக் கூடிய மானியம் 1,200 பவுண். பவுல்ஸ் கழகத்துக்கு, புல் வெட்டும் இயந்திரம்.

படிவத்தை நிமிர்த்தினோம். கேட்ட தொகை 950: தமிழ் வகுப்புக்குப் புத்தக அலுமாரியும் முதலுதவிப் பெட்டியும், கழகத்துக்கு இரண்டு சின்ன வலை. கோல் கம்பத்துக்குக் கிளார்க்குக்குத் தனிக் கடிதம். மைதானத்தின் வடிகாலுக்கு டிஸ்ட்ரிக்டின் டிசம்பர் அறிக்கை வரும் வரை பொறுத்திருப்பது.

உங்களுக்கும் ஒரு வார்த்தை. பிரித்தானியக் கடவுச்சீட்டு இல்லாவிட்டாலும், முறையான விசாவில் இங்கே வசிக்கும் இலங்கை, இந்தியக் குடிமக்கள் பொதுநலவாய நாட்டவர் என்ற வகையில் இங்கிலாந்தின் உள்ளூராட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம். பதிந்திருக்கிறீர்களா என்று பாருங்கள். பிறகு இந்த வருடக் கவுன்சில் வரி பில்லைத் தேடி எடுத்து, கடைசிப் பக்கமாக ஒரு பரிஷோ டவுன் கவுன்சிலோ பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதன் கிளார்க்குக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். இரண்டு வரி போதும்: நாங்கள் இன்னார், அடுத்த மானியத் தவணை எப்போது?